கதிரை முதுகின் ஓட்டைகள்

"14 ஆகஸ்ட். முதுகு. கறுப்பை வெட்டு."

பொதி சுற்றும் பழுப்புத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், தச்சர்களின் தட்டைப் பென்சிலால், இத்தாலிய மொழியில் எழுதியிருக்கும் குறிப்பு இது. வருடம் இல்லை. முன்பக்கத்தில் பென்சிலால் அடர்த்தியாகக் கறுப்படித்த சில உருவங்கள் உள்ளன, நடுவில் நெடுக்காக ஒரு மடிப்பு. வருடத்தை வேறு வழியால்தான் கணிக்க வேண்டியிருக்கிறது. ஆரம்பப் பள்ளியை முடித்துவிட்டு அடுத்த பள்ளிக்காகக் காத்திருந்த கோடை அது என்பது எனக்கு நிச்சயம். ஆகவே எனக்குப் பதினொரு வயது. அதற்கு முந்திய வருடம் என்கிறார் சின்ன மாமா. அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

அந்த வருடங்களில் பலெர்மோவில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கும் இப்போது வாசிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. ஆனாலும் கோடை விடுமுறைகள் உங்களுக்கு மறந்திருக்காது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அம்மாமாரோடு வேலை வீடுகளுக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஒண்டையும் தொடக் கூடாது" என்ற கட்டளை வந்துவிடும். மற்றவர்களின் பளிங்குத் தரையில் குந்தியிருந்து, மற்றவர்களின் தளவாடங்களைப் பார்த்தபடியே நாங்கள் வளர்ந்தோம்.

அம்மா வேலை செய்த வீடு பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் இருந்தது. நாங்கள் குடியிருந்தது பழைய நகரத்துக் கால்சாவில், ஒரு பெரிய அறையைத் திரைச்சீலையால் பிரித்து. திரைக்கு அந்தப்பக்கம் அம்மாவின் தம்பி, சின்ன மாமா. ஜூலை முடிய, வீட்டு எசமானியான சிஞ்ஞோரா கடற்கரை வீட்டுக்குப் போய்விடுவார். செப்டெம்பரில் திரும்பும்வரை திறப்புக்கோர்வை அம்மாவிடம். பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடுவதும் தூசு தட்டுவதும்தான் வேலை. விருந்தினர் அறையை மட்டும் சிஞ்ஞோரா பூட்டி, திறப்பைத் தன்னோடு கொண்டுபோவார். அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே சோபாக்களின் மேல் வெள்ளைப் படுக்கைவிரிப்புகளைப் போர்த்தியிருப்பார்கள். யன்னல் பலகைகள் சாத்தியிருக்கும்.

விறாந்தையில், தொலைபேசி மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை நின்றது. கறுத்த மரம். முதுகின் நடுப்பலகை முழுக்க ஓட்டை ஓட்டையாகக் குடைந்து வேலை செய்தது. அதன் சோடிக் கதிரை பூட்டிய அறைக்குள் நின்றது.

அம்மா மன்னார்க்காரி. ஆகஸ்ட் பதினைந்து மடு மாதா கோயில் திருநாள். அதற்கு முதல் வீட்டிலுள்ள வாங்கு, கதிரை, மேசை எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைப்பது அவர்களின் ஊர் வழக்கம். யாரும் கேளாமலே, பிரியத்தில், அந்த வருடம் சிஞ்ஞோராவின் கதிரைக்கும் அதைச் செய்தார். வாளி நிறையத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, பல்கனியில் கொண்டுபோய் வைத்தார். பாலை மரத்து வாங்கு தாங்கும் குளிப்பையும் வெயிலையும் பசையால் ஒட்டிய மெல்லிய பலகை தாங்காது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அன்று சிரோக்கோ அடித்தது. வாயில் மண் கரகரக்கும் அந்தச் சூட்டுக் காற்று உங்களுக்குத் தெரியும். மத்தியானம் பல்கனியில் ஒரு சத்தம். கதிரை சரிந்து கம்பியில் மோதியிருந்தது. பசை இளகிய நடுப்பலகை கழன்று, உடைந்து, கம்பிகளுக்கூடாகத் தெருவில் விழுந்துவிட்டது. அம்மா ஈரத் துணியோடு நின்றார்.

"கீழை ஓடு பிள்ளை. பொறுக்கிக்கொண்டு வா. ஓடாதை, நட. வாசல்காரர் பாப்பார்."

நான் இறங்கிப் போவதற்குள் பஸ் ஒன்று மேலால் ஏறிப் போய்விட்டது. சப்பிய கரும்புச் சக்கை போலத் தும்புகள்தான் கிடந்தன. முழுதாக மிஞ்சியது ஒரேயொரு துண்டு. பிஸ்கட் அளவு, ஒரு பக்கம் வளைவு. அதைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

வாசல்காரர் தன் கூண்டுக்குள்ளிருந்து, "என்ன விழுந்தது?" என்று கேட்டார்.

"காற்று," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. அவர் தலையாட்டினார்.

இரவுச் சாப்பாட்டில் மந்திராலோசனை நடந்தது. உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்த அப்பாவின் விரல்கள் வெளிறிச் சுருங்கியிருந்தன.

"நடந்ததைச் சொல்லுவம். அவ நல்ல மனிசி," என்றார் அப்பா.

"நல்ல மனிசிதான். ஆனா செப்டெம்பரிலை, இஞ்சை இருக்க விடுற என்ரை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க, வேலை குடுக்கிறன் எண்டு கையெழுத்து வைக்க வேண்டியவ அவதான். கதிரையை உடைச்சவளுக்கு வைப்பாவே? கழுவச் சொல்லிக் கேட்டனானோ எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?"

"அக்கா, பேசாமல் மற்றக் கதிரையையும் உடைச்சு விடுங்கோ. சோடி சரியாயிடும்," என்றார் சின்ன மாமா.

அம்மா அகப்பையைத் தூக்கினார். மாமா கோப்பையோடு திரைக்கு அந்தப்பக்கம் போனார்.

அப்பா வேலை செய்த உணவகத்துக் கதிரைகளைத் திருத்தும் தச்சர் ஒருவர் பிரான்காச்சோவில் இருந்தார். அப்பா போய்க் கேட்டார். அந்தப் பதிலை அப்பா பிறகு பலமுறை சொல்லிக்காட்டியிருக்கிறார்: "எதையும் வெட்டுவேன். எதை வெட்டுவது? படம் கொண்டு வா. பதினான்காம் தேதி பின்னேரம் பூட்டினால் செப்டெம்பர் நடுவில்தான் திறப்பேன்." சிஞ்ஞோரா செப்டெம்பர் தொடக்கத்தில் வந்துவிடுவார். பதினான்கைத் தவறவிட்டால் எல்லாம் தவறும்.

பார்த்து வெட்டுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு கதிரை. அது கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்றது.

முதலில் சின்ன மாமா கமராவோடு வந்தார். கண்ணாடியோடு ஒட்டி நின்று பளிச் பளிச்சென்று அடித்தார். கழுவி வந்த படங்களில் வெள்ளை வெளிச்சம் ஒன்றும் அதற்குப் பின்னால் மாமாவின் வயிறும் இருந்தன. ஒன்றில் மட்டும் நான் கொட்டாவி விடுகிறேன். அந்தப் படம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் தேதி அச்சடிக்கும் வசதி அந்தக் கமராவில் இல்லை.

அடுத்து அப்பா. ஓய்வு நாளில் வந்து பார்த்துவிட்டு, "இது யாழ்," என்றார். "வீணை மாதிரி, பழைய காலத்து யாழ். நான் கீறுறன்." அவர் கீறியது யாழ்தான். அழகான யாழ். ஆனால் கதிரையில் இருந்தது அதுவல்ல.

மிச்சம் நான். எனக்குத் திறமை இருந்ததால் அல்ல, நேரம் இருந்ததால். அம்மா வேலை செய்யும்போது கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தரையில் இருந்து, கழன்ற பலகையின் இடத்தை அளந்து வெட்டிய பாண் கடைப் பழுப்புத் தாளில் கீற வேண்டியது. கதவைத் தொடக் கூடாது. அந்த நாட்களில் நான் ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை. யன்னல் பலகைகளைக் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. படிக்கட்டில் காலடி கேட்டால் அம்மா குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பார். நானும் பென்சிலைத் தூக்கிவிடுவேன். காலடி இரண்டாம் மாடியில் நின்றுவிடும். மறுபடி குழாய். மறுபடி பென்சில். அறைக்குள் நின்ற கதிரையைத் தவிர வேறொன்றும் அந்த வீட்டில் அமைதியாக இருக்கவில்லை.

முதலில் மரத்தைக் கீறினேன். வளையும் கொடி, இலை, சுருள், அதைச் சுற்றும் இன்னொரு கொடி. ஒன்றைச் சரியாக வைத்தால் மற்றது போக இடமில்லை. அழித்தழித்துத் தாள் ஓட்டையானது. அப்பா அதைத் தச்சரிடம் கொண்டுபோனார். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றியபடி, "கணவாய் எண்டு சொல்லுறார்," என்றார். "நல்ல கணவாய், ஆனா தான் மீன் கடை வைக்கேல்லையாம்."

"பகிடி விட இதுவே நேரம்?" என்று அம்மா முகத்தைத் திருப்பினார்.

அதற்கு அடுத்த நாளோ, ஒரு நாள் விட்டோ நடந்ததுதான் முக்கியம். வெளியில் மண்காற்று கூடி வெளிச்சம் மங்கிவிட்டது. பூட்டிய அறை இன்னும் இருண்டது. கதிரையின் கொடியும் இலையும் சுருளும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒரே கறுப்புப் பலகை. ஆனால் அதற்குப் பின்னால் வெள்ளைவிரிப்புப் போர்த்த சோபா. ஓட்டைகளுக்கூடாக அந்த வெள்ளை தெரிந்தது. இருட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சில உருவங்கள் தொங்கின. வேறொன்றும் தெரியாததால் அவற்றைக் கீறத் தொடங்கினேன்.

மேலே இருந்த ஓட்டை மாங்காய் போல இருந்தது. மாங்காய் என்று மனதுக்குள் சொல்லிக் கீறினேன். பார்த்தால், தாளில் மாங்காய் இருந்தது. அறைக்குள் இருந்தது வேறு. காம்புப் பக்கம் அவ்வளவு வட்டமில்லை, அடியில் ஒரு நெளிவு. நான் கீறியது ஊரிலிருந்து வந்த கடிதத்தில் பெரியம்மாவின் பிள்ளை கீறியனுப்பிய மாங்காயை. அப்பா யாழ் என்று சொல்லிவிட்டு யாழைக் கீறியது போலத்தான். பெயர் வைத்தவுடன் கை தனக்குத் தெரிந்த பாதையில் போய்விடுகிறது. அதன் பிறகு பெயர் வைக்கவில்லை. இந்த வெள்ளை எங்கே தொடங்குகிறது, எங்கே மெலிகிறது, பக்கத்து வெள்ளைக்கு எவ்வளவு கிட்டப் போகிறது என்று மட்டும் பார்த்தேன். ஒரு வெள்ளையை முடித்து உள்ளே கறுப்பு அடித்தேன். பிறகு அடுத்தது. மரத்தை நான் தொடவேயில்லை. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே அது தானாக வந்து நின்றது.

ஓவியம் பற்றிய புத்தகங்களில் இந்த முறையைப் பிறகு நிறையப் படித்திருக்கிறேன். அதற்குப் பெயரும் உண்டு. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அவ்வளவு நேரம் நான் ஓரிடத்தில் அசையாமல் இருந்தேன் என்பதுதான்.

நடுவில் தொலைபேசி அடித்தது. அம்மா ஓடி வந்து, கதிரை நின்ற வெறும் இடத்தில் நின்று எடுத்தார். சிஞ்ஞோரா. பூச்சாடிகளைப் பற்றி. "எல்லாம் நலம், சிஞ்ஞோரா, எல்லாம் நலம்," என்று அம்மா இத்தாலிய மொழியில் சொல்லிக்கொண்டே தொலைபேசி வயரை விரலில் சுற்றினார், விரல் நுனி சிவக்கும்வரை. பிறகு என்னிடம் நீட்டினார். "உன்னோடை கதைக்க வேணுமாம். வாயைக் குடுத்து மாட்டாதை."

"என்ன செய்கிறாய், சின்னவளே?"

"படம் கீறுகிறேன்."

"என்ன படம்?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓட்டைகள்," என்றேன்.

அந்தப்பக்கம் சிஞ்ஞோரா சிரித்தார். "ஓட்டைகளா? நிறைய இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "நன்றாகக் கீறு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

"ஓட்டை எண்டு ஏன் சொன்னனி?" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வேறை ஒண்டும் வாயிலை வரேல்லையே? பூ எண்டு சொல்லேலாதே?"

பதின்மூன்றாம் தேதி பின்னேரம் படத்தை வீட்டில் காட்டினேன். அம்மா பார்த்தார். வியர்த்த முகம் இன்னும் கறுத்தது.

"கதிரையைக் கீறச் சொன்னால் கரியைப் பூசி வைச்சிருக்கிறாய். நாளைக்குக் கடைசி நாள், பிள்ளை. உனக்கு விளையாட்டு."

நான் விளக்க முயன்றேன். மரம் வெள்ளை, ஓட்டை கறுப்பு என்று சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் விசர்க்கதையாகக் கேட்டது. அம்மா தாளை மேசையில் போட்டுவிட்டு மீன் வெட்டப் போனார். அதே மேசையில். இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தால் அந்தத் தாளில் சூரை மீனின் இரத்தம் விழுந்திருக்கும். மாமா வேலைக்குப் போகச் சட்டை போட்டபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா. இஞ்சை வாங்கோ. கண்ணை அரைவாசி மூடிப் பாருங்கோ."

"எனக்குக் கண்ணை முழுசா மூடத்தான் விருப்பம்."

"பாருங்கோ எண்டுறன். கறுப்பைப் பாக்காதேங்கோ. நடுவிலை பாருங்கோ."

அம்மா கத்தியோடு வந்து நின்று, கண்ணைச் சுருக்கினார். பிறகு கத்தியைத் தூர வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து, தாளை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தார்.

மறுநாள் காலை நானும் அம்மாவும் கதிரையைப் படுக்கைவிரிப்பால் சுற்றி, மூன்று மாடியும் இறக்கினோம். வாசல்காரர் எழுந்து வந்தார். அம்மா நான்கைந்து பொய்களை ஆயத்தம் பண்ணி வைத்திருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய கதவை அகலத் திறந்து பிடித்தபடி, "கதிரைக்கும் லீவா?" என்றார்.

பஸ்ஸில் சனம். சுற்றிய கதிரையைக் கட்டிப்பிடித்து நின்றோம். ஒரு கிழவி, விரிப்புக்குள் இருப்பது கதிரைதானே, கொஞ்சம் இருக்கட்டுமா என்று கேட்டார். "இதற்கு உடம்பு சரியில்லை," என்றார் அம்மா. பலெர்மோவில் அவர் இத்தாலிய மொழியில் சொன்ன முதல் பகிடி அதுவாகத்தான் இருக்கும். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

தச்சரின் பட்டறை, தொடர்மாடிகளுக்குக் கீழே ஒரு கராஜ். பாதி பூட்டியிருந்தது. அவர் தாளைச் சுவரில் குத்தி, தள்ளி நின்று பார்த்தார். என்னைக் கேட்டார், "இந்தப் பக்கம் ஏன் மெலிந்து போயிருக்கிறது?"

நான் கதவின் இடது பக்கம் இருந்து பார்த்தேன் என்றேன்.

"அப்போ தூரப் பக்கம் பட்டினி," என்றார். தாளை எடுத்து நடுவில் நெடுக்காக மடித்து, மெலிந்த பாதியைப் பின்னால் தள்ளினார். நல்ல பாதியை இரண்டு முறை பலகையில் பதித்தார், ஒருமுறை நேராக, ஒருமுறை புரட்டி. பிறகு அம்மா கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த பிஸ்கட் துண்டைக் கேட்டார். அதை என் கறுப்புகளுக்கு நடுவே, கீழ் மூலையில் வைத்தார். இரண்டு கறுப்புக்கும் இடையில், கொஞ்சம் கூட நசுங்காமல், அது போய் இருந்தது.

அம்மா என் தலையில் கை வைத்தார். அவ்வளவுதான்.

தச்சர் தாளைத் திருப்பி, நான் தொடக்கத்தில் எடுத்துக்காட்டிய குறிப்பை எழுதினார். பின்னேரம் வரை வெட்டினார். துளை போட்டு, அதற்குள் நூல் போன்ற வாளைக் கோர்த்து, கறுப்பைச் சுற்றிச் சுற்றி அறுத்தார். ஒவ்வொரு சுற்றும் முடிய, ஓட்டை ஒன்று மரத் துண்டாகக் கீழே விழுந்தது. நான் அவற்றைப் பொறுக்கினேன். நான் கீறிய ஓட்டைகள், கையில் பிடிக்கக்கூடியதாக. பிறகு பல வருடம் ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தேன். இரண்டாம் முறை வீடு மாறியபோது தகரம் தொலைந்துவிட்டது. தொலைந்த பொருட்களில் எனக்கு இன்னும் மனம் ஆறாதது அதுதான்.

மெருகு பூச அவருக்கு நேரமில்லை. எப்படிப் பூசுவதென்று சொல்லிக்கொடுத்து ஒரு போத்தலைத் தந்தார். அப்பாவும் மாமாவும் மடுத் திருநாளன்று பூசைக்குப் போய்வந்து, எங்கள் அறையில் வைத்துப் பூசினார்கள். அறை முழுக்க நெடி. அன்று விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நிறம் கொஞ்சம் சிவப்பாகிவிட்டது. "செப்டெம்பர் வெயிலுக்குச் சரிவரும்," என்றார் மாமா.

சிஞ்ஞோரா வந்தார். அன்று நானும் நின்றேன். விறாந்தையால் நடந்துபோகும்போது கதிரையின் முதுகில் கை வைத்தார். ஒரு கணம் கை அங்கேயே இருந்தது. பிறகு, இந்த வருடம் வெயில் போக மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதே மாதம் பெர்மெஸ்ஸோவுக்கான கடதாசியில் கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், வாசல்காரரைக் கூப்பிட்டு அந்தக் கதிரையைத் தூக்குவித்து, அம்மா இஸ்திரிப்பெட்டியால் துணி மினுக்கும் அறையில் வைப்பித்தார். "இனி இது உன்னுடைய கதிரை. இருந்து மினுக்கு," என்றார். கால் வலிக்குமென்று அதற்கேற்றாற் போல மினுக்கும் மேசையையும் உயரம் குறைத்துப் பதித்துவிட்டிருந்தார்.

அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. "கண்டுபிடிச்சிட்டா. சோதிக்கிறா. இருந்தால் உடையுதோ எண்டு பாக்கிறா."

"அப்பிடித்தான் இருக்கும்," என்றார் அப்பா. "அதிலை இராதையும்."

அம்மா அதில் இருக்கவில்லை. அந்த வீட்டில் வேலை செய்த காலம் முழுவதும், பதிந்த மேசையில் குனிந்து, நின்றபடியே மினுக்கினார். கதிரை பக்கத்தில் சும்மா நின்றது. சிஞ்ஞோரா ஆரம்பத்தில், "இரு, இரு," என்று சொல்வாராம். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். அம்மாவின் முழங்காலும் இடுப்பு நாரியும் இன்று இருக்கும் நிலைக்கு அந்தக் கதிரையும் ஒரு காரணம். அம்மாவுக்கும் சிஞ்ஞோராவுக்கும் நடுவே நின்றது என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அது சோதனை அல்ல, கொடை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது ஆதாரமாகாது.

சிஞ்ஞோரா இறந்தபின் அவரது மகள் வீட்டை வெறுமையாக்கினார். "உங்கள் அம்மாவுக்கு அவருடைய கதிரையைக் கொடுக்கச் சொல்லி என் அம்மா சொல்லியிருந்தார்," என்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் போனபோது சாமான்கள் முற்றத்தில் குவிந்திருந்தன. குசினி திருத்தியபோது இரண்டு கதிரைகளையும் ஒரே அறையில் வைத்துவிட்டார்களாம். இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வருடங்கள் இரண்டையும் ஒரே கறுப்பாக்கியிருந்தன. "இதுதான் என்று நினைக்கிறேன்," என்று மகள் ஒன்றைக் காட்டினார். அவரிடம் அப்போது மூக்குக்கண்ணாடி இல்லை. மற்றதைப் பழம்பொருள் வியாபாரி ஏற்றிக்கொண்டு போனார். கேட்டுப் பார்க்க வாசல்காரரும் இல்லை. அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

சோதிக்க ஒரு வழி உண்டு. தச்சர் அந்தப் பிஸ்கட் துண்டைப் புதுப் பலகையின் கீழ் மூலையில் பொருத்தி ஒட்டினார் என்கிறார் மாமா. குப்பையில் போட்டார் என்கிறார் அம்மா. எனக்கு நினைவில்லை. மாமா சொல்வது சரியென்றால், எங்கள் வீட்டில் இருப்பது திருத்திய கதிரையென்றால், அந்த மூலையில் மெருகைச் சுரண்டினால் ஒட்டிய கோடு தெரிய வேண்டும். போன கிழமை சிறு கத்தியோடும் பழுப்புத் தாளோடும் போனேன்.

அம்மா கதிரையில் இருந்தார். பின்னேரங்களில் இப்போது அதில்தான் இருக்கிறார். யன்னலுக்கு முதுகைக் காட்டி, கால் இரண்டையும் நீட்டி. அவரது ஊதாச் சட்டையால் எல்லா ஓட்டைகளும் ஊதா நிறமாக இருந்தன. தாளை விரித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். பொருந்தியது. இரண்டு கதிரைக்கும் பொருந்தத்தானே வேண்டும்.

"கொஞ்சம் எழும்புங்கோ அம்மா. மூலையிலை கொஞ்சம் சுரண்டிப் பாப்பம்."

"என்னத்துக்கு?"

"இது அந்தக் கதிரையோ எண்டு பாக்க."

"இருக்கேக்கை விடு பிள்ளை," என்றார். எழும்பவில்லை.

ஆகவே, எங்கள் வீட்டில் இருப்பது பிரான்காச்சோவில் முதுகு வெட்டிய கதிரையா, அல்லது பூட்டிய அறைக்குள் நின்ற அதன் சோடியா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.